பருத்தியில் அசோ சாயம்: ஏறுவது, நிற்பது, கக்குவது

கைத்தறித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "பருத்திக்குச் சாயம் போட டைரக்ட், நாப்தால், ரியாக்டிவ் என்று மூன்று வழி சொல்லித் தருகிறார்கள். மூன்றிலும் வருவது பெரும்பாலும் அசோ சாயம்தான் என்றால், வேலை முறை ஏன் இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கிறது? அசோவுக்குத் தடை என்கிறார்களே, அப்புறம் எல்லாப் பட்டறையிலும் எப்படி ஓடுகிறது?"

சாயப்பட்டறை லேபில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். என் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் பருத்தியைப் பற்றி. கம்பளியும் பட்டும் புரதம். அவற்றில் சாயத்தைப் பிடித்துக்கொள்ள அமினோ தொகுதிகள் இருக்கின்றன. கொஞ்சம் அமிலம் ஊற்றினால் சாயம் தானாக ஒட்டும். பருத்தி வெறும் செல்லுலோஸ். அதில் இருப்பது ஹைட்ராக்சில் தொகுதிகள் மட்டும். போதாக்குறைக்கு, தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் லேசான எதிர்மின்சுமை இருக்கும். தண்ணீரில் கரைவதற்காகச் சல்ஃபோனேட் சேர்த்த சாயத்துக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் அந்தக் காலத்தில் பருத்திக்குச் சாயம் போட கடுக்காய், படிகாரம் என்று ஏதாவது ஒரு இடைத்தரகர் தேவைப்பட்டார். இடைத்தரகர் இல்லாமல் பருத்தியில் நேரே ஏறும் இயற்கைச் சாயங்கள் மிகக் குறைவு. அதில் ஒன்று நம் வீட்டு மஞ்சள். வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அசோ என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்து, இரு பக்கமும் ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்பு. அரோமாட்டிக் அமீன் ஒன்றை நைட்ரஸ் அமிலத்தோடு வினைப்படுத்தினால் டையசோனியம் உப்பு கிடைக்கும் என்று 1858ல் பீட்டர் கிரீஸ் கண்டுபிடித்தார். அந்த டையசோவை ஒரு நாப்தாலோடோ ஃபீனாலோடோ சேர்த்தால் நிறம் பிறக்கும். சட்டி ஒன்றுதான், அமீனையும் நாப்தாலையும் மாற்ற மாற்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, மெரூன் என்று வந்துகொண்டே இருக்கும். ஒரு மூலக்கூறில் இரண்டு அசோ வைத்தால் நேவியும் கறுப்பும்கூடக் கிடைக்கும். உலகில் செய்யப்படும் சாயங்களில் பாதிக்கு மேல் அசோவாக இருப்பதற்கு இந்த வசதிதான் காரணம். எல்லாமே அசோ என்றும் நினைத்துவிடாதீர்கள். பளிச்சென்ற டர்காய்ஸ் தாமிர தாலோசயனின், ஜீன்ஸ் நீலம் இண்டிகோ. இரண்டிலும் அசோ கிடையாது.

ஆக, மூன்று முறையிலும் நிறம் தருவது ஒரே மாதிரியான அமைப்புதான். வேறுபடுவது, கரைந்து உள்ளே போன சாயத்தைத் திரும்ப வெளியே வராமல் எப்படித் தடுக்கிறோம் என்பதில். டைரக்ட் தடுப்பதே இல்லை, சும்மா பக்கத்தில் ஒண்டிக்கொள்கிறது. நாப்தால் உள்ளே போன பிறகு கரையாத பொருளாகிவிடுகிறது. ரியாக்டிவ் செல்லுலோஸோடு பிணைந்துவிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் ரெசிபியில் வரும் உப்பு, சோடா, ஐஸ் எல்லாவற்றுக்கும் காரணம் புரியும்.

டைரக்ட் சாயத்தின் கதை 1884ல் காங்கோ ரெட்டோடு தொடங்குகிறது. பவுல் பொட்டிகர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தது. இடைத்தரகர் இல்லாமல் பருத்தியில் நேரே ஏறிய முதல் செயற்கை அசோ சாயங்களில் முக்கியமானது. காரணம் அதன் உடம்பு வாகு: நீளமாக, தட்டையாக இருக்கும். செல்லுலோஸ் சங்கிலியின் பக்கத்தில் குச்சிபோல நீட்டிப் படுத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தில் உண்டாகும் சிறுசிறு ஈர்ப்புகள்தான் அதை அங்கே நிறுத்துகின்றன. ஆனால் அமிலம் பட்டால் சிவப்பு நீலமாகிவிடும். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவக்கிறதே, அந்த மாதிரிக் குணம். துணிக்கு இது லாயக்கில்லை. ஆனாலும் வேறு வேலை கிடைத்தது: காங்கோ ரெட் தாள் அமிலம் இருக்கிறதா என்று பார்க்கும் தாளாக லேபுகளில் புழங்கியது.

டைரக்ட் முறையில் வேலை ரொம்பச் சுலபம். சாயத்தைக் கரைத்து, நூலைப் போட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கொதிக்கு அருகில் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். உப்பு எதற்கு? நூலுக்கும் சாயத்துக்கும் நடுவில் இருக்கும் மின்சுமைத் தள்ளலை அது அடக்குகிறது. அந்த உப்பு போய்ச் சுத்தத் தண்ணீர் வந்ததும் பழைய தள்ளல் திரும்பிவிடும். சாயம் வெளியே நடையைக் கட்டும். சாயத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸர் போட்டால் கொஞ்சம் தாங்கும். மலிவான திரைச்சீலைக்குச் சரி, அடிக்கடி துவைக்கிற துணிக்கு வேண்டாம்.

நம் வீடுகளில் புதுத் துணியைக் கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் போகாது என்று ஒரு பழக்கம் உண்டு. அந்தத் தண்ணீரில் சாயம் கக்காது என்பது உண்மை. உப்பு இருக்கும்வரை சாயத்தை நூலோடு அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். அடுத்த வாரம் வெறும் தண்ணீரில் அலசும்போது பக்கெட் சிவக்கும். உப்பு சாயத்தை நிரந்தரமாக்குவதில்லை.

நாப்தாலுக்கு வருவோம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த முறை, பயமும் அதிகம். இதில் சாயத்தை யாரும் வாங்குவதில்லை. நூலுக்குள்ளேயே அதைச் செய்கிறோம். 1880ல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஹாலிடே குடும்பத்தார் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய பீட்டா நாப்தாலுக்குப் பருத்தி மேல் பிடிப்பு போதவில்லை. 1912 வாக்கில் ஜெர்மனியின் கிரீஸ்ஹைம் எலெக்ட்ரான் நிறுவனம் நாப்தால் ஏஎஸ் கொண்டுவந்த பிறகுதான் முறை நிலைபெற்றது.

வேலை இப்படிப் போகும். நாப்தால் தூளை டிஆர் ஆயிலில் பசையாகக் குழைக்க வேண்டும். டிஆர் ஆயில் என்பது டர்க்கி ரெட் ஆயில், அதாவது ஆமணக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தில் பதப்படுத்தியது. துருக்கிச் சிவப்பு என்ற பழைய சாயமுறையிலிருந்து வந்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழைத்த பசையில் காஸ்டிக்கும் கொதிநீரும் ஊற்றினால் கலங்கல் தெளிந்து நல்லெண்ணெய் மாதிரி பொன்னிறக் கரைசல் வரும். தெளியவில்லை என்றால் காஸ்டிக் போதவில்லை என்று அர்த்தம். எந்த நாப்தாலுக்கு எவ்வளவு காஸ்டிக் என்பது அதன் அட்டையில் இருக்கும், கண்ணளவு வேண்டாம். நன்றாக வேகவைத்து மெழுகு போக்கிய சிட்டத்தை (நூல் கட்டை) இதில் அரை மணி நேரம் புரட்டி, ஒரே அழுத்தத்தில் பிழிய வேண்டும். இந்த நிலையில் நூல் லேசான மஞ்சளாக இருக்கும், பார்க்க ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் வெயில் பட்டாலும் பிறகு அங்கே திட்டு விழும்.

இன்னொரு வாளியில் பேஸ். அதாவது அமீன். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஐஸ் போட்டு, சோடியம் நைட்ரைட் கரைசலை மெல்ல ஊற்ற வேண்டும். கிரீஸின் அதே வினைதான், பட்டறை வாளியில் நடக்கிறது. பெரும்பாலான பேஸ்களுக்கு 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்லது. நைட்ரைட் போதுமா என்று ஸ்டார்ச் அயோடைடு தாளில் தொட்டுப் பார்ப்போம், உடனே நீலமானால் போதும். அமிலம் போதுமா என்று பார்க்கப் பழைய நண்பர் காங்கோ ரெட் தாள், அதுவும் நீலமாக வேண்டும். அப்புறம் சோடியம் அசிடேட் போட்டு அமிலக் கடுப்பைத் தணித்தால் டெவலப்பிங் கரைசல் தயார்.

மஞ்சள் சிட்டத்தை அதில் முக்கும் அந்த நொடியைப் பார்க்க வேண்டும். கை கீழே போகும்போது மஞ்சள், மேலே வரும்போது ரத்தச் சிவப்பு. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. நூலுக்குள் இருந்த நாப்தாலும் வெளியிலிருந்து வந்த டையசோவும் சந்தித்து, தண்ணீரில் கரையாத சாயமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டது. இனித் துவைத்தாலும் அது வெளியே வர வழியில்லை.

ஐஸை லேசாக நினைக்கக் கூடாது. ஒரு மே மாதத்தில் ஐஸ் வண்டி வரவில்லை, வேலை நிற்க வேண்டாம் என்று போர்த் தண்ணீரிலேயே டையசோ போட்டோம். பத்து நிமிடத்தில் வாளியில் நுரை பொங்கியது. டையசோனியம் சூட்டில் உடைந்து நைட்ரஜன் வாயுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேஸுக்குக் கொடுத்த காசு காற்றில் போகிறது. அன்றைய சிட்டங்கள் எல்லாம் வெளிறிய செங்கல் நிறம். இன்னொன்று, டையசோனியம் உப்பு காய்ந்தால் வெடிக்கக்கூடியது. வாளி ஓரத்தில் காய விடாமல் அன்றன்றே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கடையில் நிலைப்படுத்திய டையசோ சால்ட்டாகவே கிடைப்பதை வாங்கினால் இந்த வேலை பாதி குறையும். விலை கூடுதல். மாணவர்கள் அதிலிருந்து தொடங்குவதே நல்லது.

நாப்தாலின் குறை, உரசினால் சாயம் ஒட்டுவது. நூலுக்குள் உருவான சாயம் நிற்கும், நூலின் மேற்பரப்பில் உருவானது தூளாக ஒட்டிக்கொண்டிருக்கும். கொதிக்கும் சோப்பு, சோடாத் தண்ணீரில் அரை மணி நேரம் ஓட்டினால்தான் அந்தத் தூள் போகும். அதே கொதியில் உள்ளே இருக்கும் சாயத் துகள்கள் ஒன்று சேர்ந்து நிறம் கொஞ்சம் மாறித் தெளிவடையும். அதனால் சோப்பிங் முடியாமல் ஷேடு பார்க்காதீர்கள்.

ரியாக்டிவ் தான் இன்று பருத்தியின் ராஜா. 1954ல் இங்கிலாந்தின் ஐசிஐ ரசாயன நிறுவனத்தின் ராட்டியும் ஸ்டீஃபனும் டைகுளோரோ டிரையசின் என்ற கொக்கியைச் சாயத்தில் மாட்டினால் காரத்தில் அது செல்லுலோஸோடு நேரடியாகப் பிணைகிறது என்று கண்டார்கள். 1956ல் புரோசியன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பெர்கின் மாவ் என்ற ஊதாச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து மிகச் சரியாக 100 ஆண்டு. பட்டறையில் இன்றும் கோல்ட் பிராண்டு, ஹாட் பிராண்டு என்கிறோம். டைகுளோரோ டிரையசின் அவசரக்காரன், சாதாரண வெப்பத்திலேயே பிணைவதால் கோல்ட். ஒரு குளோரின் குறைந்த மோனோகுளோரோ வகைக்கு 80 டிகிரி வேண்டும், அதனால் ஹாட். இரண்டுக்கும் நடுவில் 60 டிகிரியில் வேலை செய்வது வினைல் சல்ஃபோன். நேவி, கறுப்பு எல்லாவற்றுக்கும் கை போகும் ரியாக்டிவ் பிளாக் 5 இந்த வகைதான்: இரண்டு அசோ, இரண்டு கொக்கி.

வினைல் சல்ஃபோன் வேலையை ஒரு கிலோ துணிக்குச் சொல்கிறேன். 10 லிட்டர் தண்ணீர், அடர்த்தியான ஷேடு என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு, சாயம் மொத்தமாக 20 கிராம். இதில் 60 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டும்போது சாயம் டைரக்ட் மாதிரி துணிக்குள் போய் உட்காரும், இன்னும் பிணையாது. பிறகு லிட்டருக்கு 15 முதல் 20 கிராம் சோடா ஆஷை இரண்டு மூன்று தவணையாகப் போட வேண்டும். காரம் வந்ததும் இரண்டு விஷயம் நடக்கிறது. சாயத்தின் மூடி கழன்று கொக்கி திறக்கிறது. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் சிலது அயனியாகிப் பிடிக்கத் தயாராகிறது. இரண்டும் இணைந்தால் அது கழற்ற முடியாத பிணைப்பு. சோடாவை முதலிலேயே கொட்டினால் சாயம் சமமாகப் பரவுவதற்குள் கண்ட இடத்தில் பிணைந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லன் உண்டு, தண்ணீர். அதிலும் ஹைட்ராக்சில் இருக்கிறதே. கொக்கி செல்லுலோஸைப் பிடிப்பதற்குப் பதில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் அந்தச் சாயம் செத்தது. நிறம் இருக்கும், பிணைக்கும் சக்தி இருக்காது. சாதாரணமாக 60 முதல் 80 சதவீதம்தான் துணியில் பிணைகிறது. மேலே சொன்ன 20 கிராமில் 14 பிணைந்தது என்று வைத்துக்கொண்டால், மீதி 6 கிராமை நாம்தான் கழுவி வெளியேற்ற வேண்டும். ரியாக்டிவ் துணி சாயம் கக்குகிறது என்றால் அது பெரும்பாலும் இந்தச் செத்த சாயம்தான். பிணைந்தது கக்காது.

கழுவுவதில்தான் பட்டறைக்குப் பட்டறை தரம் மாறுகிறது. முதல் ஓரிரு தண்ணீர் உப்பையும் சோடாவையும் விரட்டுவதற்கு. உப்பு இருக்கும்போது செத்த சாயமும் துணியை விட்டு நகராது. வீட்டுக் கல் உப்புக் கதைதான் இங்கேயும். உப்பு போன பிறகு அசிட்டிக் அமிலத்தில் நடுநிலையாக்கி, 90 டிகிரிக்கு மேல் சோப்பிங், சூட்டுத் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர். நான் இருந்த ஒரு இடத்தில் டெலிவரி அவசரத்தில் நேவி லாட்டுக்கு ஒரு சோப்பிங்கைக் குறைத்தார்கள். சாயம் சூப்பராக ஏறியிருந்தது, ஷேடு ஓகே. காலருக்கு வெள்ளை ரிப் பின்னல் வைத்துத் தைத்து, ஒரு வாஷ் போனதும் காலர் எல்லாம் வானநீலம். மொத்த லாட்டும் திரும்பி வந்தது. அப்புறம் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: சாயத் துணியின் துண்டை நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்துவேன். வெள்ளையில் நிழல் விழுந்தால் இன்னொரு சோப்பிங்.

உப்பைக் கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 60 கிராம், 10 லிட்டர் என்றால் ஒரு கிலோ துணிக்கு 600 கிராம் உப்பு. அதில் ஒரு கிராம்கூடத் துணியில் நிற்பதில்லை, அத்தனையும் சாக்கடைக்கு. திருப்பூரில் நொய்யலுக்கு நடந்தது இதுதான். விவசாயத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிறத்தைப் பிரிப்பதும் உப்பைப் பிரிப்பதும் வேறு வேறு வேலை. நிறம் போன தெளிந்த தண்ணீரில் உப்பு அப்படியே இருக்கும். சவ்வு வடிகட்டி, கொதிகலன் ஆவியாக்கி என்று செலவு செய்துதான் உப்பை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்குக் கொண்டுவருகிறார்கள்.

இப்போது தடை. ஷேடு தவறிய துணியை வெளுக்கப் பட்டறையில் ஹைட்ரோஸ் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். சோடியம் டைதயோனைட். அது அசோவின் இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது. ஒரு சாயம் இரண்டு நிறமற்ற அமீனாகிறது. இதே உடைப்பைத் தோலிலும் குடலிலும் உள்ள பாக்டீரியாக்களும் கல்லீரல் நொதிகளும் செய்யக்கூடும். அந்த அமீன் என்ன அமீன் என்பதுதான் கேள்வி. காங்கோ ரெட் உடைந்தால் பென்சிடின் வருகிறது, சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். 1994ல் ஜெர்மனி இப்படிப்பட்ட அமீன்களைத் தரும் அசோ சாயங்களைத் தடை செய்தது, இந்தியா 1997ல். ஐரோப்பிய ஒன்றியம் 2002ல் 22 அமீன்களைப் பட்டியலிட்டு, துணியில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. சோதனையும் பட்டறை வேலை மாதிரியே நடக்கும்: துணியில் ஹைட்ரோஸ் போட்டு உடைத்து, வரும் அமீனை அளப்பார்கள். ஆக, தடை அசோ என்ற இனத்துக்கு அல்ல, உடைந்தால் இந்த அமீன்களைத் தருபவற்றுக்கு மட்டும். ரியாக்டிவ் பிளாக் 5 அந்தப் பட்டியல் அமீன்களைத் தருவதில்லை, அதனால் ஓடுகிறது.

கைத்தறிக்காரர்கள் கவனிக்க வேண்டியது நாப்தாலில். அங்கே அமீன் உடைந்து வருவதற்கு முன்பே டப்பாவில் பேஸாக உங்கள் கையில் இருக்கிறது. கார்னெட் ஜிபிசி, ஸ்கார்லெட் ஜி, ரெட் டிஆர், புளூ பி ஆகிய நான்கு பேஸ்களும் அந்தப் பட்டியலில் உள்ள அமீன்களே. துணி வாங்குபவரைவிட வாளியில் கை விட்டுக் குழைப்பவருக்குத்தான் ஆபத்து முதலில். கையுறை இல்லாமல் பேஸைத் தொடாதீர்கள். கடையில் "மெரூன் பேஸ் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். டப்பாவில் என்ன பேஸ் என்று எழுத்தில் இல்லையென்றால் அந்த டப்பாவை வைத்துவிட்டு, மெரூனை ரியாக்டிவில் போட்டுக்கொள்ளுங்கள். ஷேடு ஒரு படி குறைவாக வரலாம், நெசவாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்.